உத்தரவுக்குக் காத்திராத நரம்புகள்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டம் ஏறினால் அலுவலர்கள் கணக்கிட்டு, உத்தரவு பெற்று, கரையோர ஊர்களை எச்சரித்துவிட்டு மதகைத் திறப்பார்கள். நம் உடலிலும் இரத்த அழுத்தம், வெப்பநிலை, செரிமானம் ஆகியவை ஓயாமல் சரிசெய்யப்படுகின்றன. ஆனால் அங்கே நம் உத்தரவுக்கு யாரும் காத்திருப்பதில்லை. இந்த வேறுபாட்டிலிருந்து தானியங்கு நரம்பு மண்டலப் பாடத்தைத் தொடங்கலாம்.

அமைப்பு

இம்மண்டலத்தின் மேலாளர் ஹைபோதலாமஸ். இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் நேரடியாகக் கவனிப்பது முகுளம். இவற்றின் செய்திகள் இரு வழிகளில் உறுப்புகளை அடைகின்றன.

பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மார்பு, மேல் இடுப்புப் பகுதிகளிலிருந்து புறப்படுகின்றன. இவை கண்பாவையை விரிக்கும், இதயத்தை விரைவாக்கும், செரிமானத்தை மெதுவாக்கும், வியர்வையைத் தூண்டும்.

எதிர்ப்பரிவு நரம்புகள் மூளையிலிருந்தும் தண்டுவடத்தின் கீழ் நுனிப் பகுதியிலிருந்தும் புறப்படுகின்றன. இவற்றுள் முதன்மையானது பத்தாவது மூளை நரம்பான வேகஸ். இவை இதயத்தை நிதானப்படுத்தும், செரிமானத்தை ஊக்குவிக்கும்.

ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று ஓய்வெடுக்கும் என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. அது சரியன்று, இரண்டும் எப்போதும் இயங்குகின்றன. நரம்புகளின் தலையீடு இல்லாவிட்டால் இதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் அதை 70 அளவில் பிடித்து வைத்திருப்பது வேகஸ் நரம்பே.

1921இல் ஆட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை வேறொரு இதயத்தில் சேர்த்தபோது அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு ஒரு வேதிப்பொருள் வழியே பேசுகிறது என்பது இதனால் தெளிவானது. அப்பொருள் அசிட்டைல்கோலின். லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்கள் இருவர் இருவராக அமரட்டும். ஒருவர் மற்றவரின் மணிக்கட்டு நாடியை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கட்டும். பின்னர் எழுந்து நின்றவுடன் மீண்டும் எண்ணட்டும். பெரும்பாலோருக்கு எண்ணிக்கை கூடும். எழும்போது இரத்தம் கால்களுக்கு இறங்குகிறது. கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணர்விகள் முகுளத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. பரிவு நரம்புகள் இதயத்தை விரைவாக்கி, இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன.

காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் நெடுநேரம் நிற்கும் மாணவர் மயங்கி விழுவது இந்த ஏற்பாடு தடுமாறுவதால்தான். குழாய்கள் விரிந்து, இதயமும் மெதுவாகி, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. அவரைத் தூக்கி நிறுத்தாமல் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். ஒரு நிமிடத்திற்குள் தெளியாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, ஓடும்போது மயங்கியிருந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும்.

ஆசிரியர் கவனத்திற்கு

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேறியது. குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை போன்ற அடையாற்றுக் கரை ஊர்களில், ஏரி திறப்பு அறிவிப்பு இன்றும் வீடுகளில் பதற்றத்தைத் தருகிறது. அந்நாளில் ஒரு குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கை சில்லிட்டு, வாய் உலர்ந்து உட்கார்ந்திருக்கலாம். தேர்வு நாளிலும் இதே அறிகுறிகள் தோன்றலாம். இது நடிப்பன்று, பரிவு நரம்புகளும் அட்ரினலினும் செய்யும் வேலை. "பயப்படாதே" என்ற கட்டளை அந்நரம்புகளுக்கு எட்டாது.

ஆனால் மூச்சு நம் விருப்பத்திற்கும் கட்டுப்படும். மூச்சை வெளிவிடும்போது வேகஸின் பிடி கூடி, துடிப்பு சற்றுக் குறைகிறது. எனவே குழந்தையின் அருகில் அமர்ந்து, மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல வெளிவிடச் சொல்லி, நாமும் சேர்ந்து செய்யலாம். வயிற்றுவலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

மதிப்பீட்டு வினாக்கள்

1. பயத்தில் வாய் உலர்வது ஏன்?
2. படுத்திருந்தவர் சட்டென எழுந்தால் தலைசுற்றுவது ஏன்?
3. மதகைத் திறப்பதற்கும் உடல் தன்னைச் சரிசெய்துகொள்வதற்கும் உள்ள ஒற்றுமை ஒன்றும் வேற்றுமை ஒன்றும் கூறுக.