ஜெயிக்கும் நிலையில் தோற்ற கணினி

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் சதுரங்க மன்ற மாணவர்களுக்காக இரண்டு சதுரங்க இன்ஜின்களை மோதவிட்டேன். ஒன்று ஸ்டாக்ஃபிஷ். மற்றொன்று 2005-இல் வெளியான ஃப்ரூட் 2.1. இரண்டும் இலவசம். இவற்றை மோதவிடும் கியூட் செஸ் மென்பொருளும் இலவசமே.

தொடக்கமே தடங்கல். ஸ்டாக்ஃபிஷ் திறந்த உடனே மூடிக்கொண்டது. ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் உள்ள புதிய செயலிகளுக்கான கோப்பை நான் இறக்கியிருந்தேன். எங்கள் கணினிகளோ பழையவை. பழைய செயலிக்கான கோப்பை மாற்றியதும் சரியானது. இன்ஜின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: அதைத் தனியே திறந்து ‘யுசிஐ’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்தால், கடைசி வரியில் ‘யுசிஐஓகே’ என்று பதில் வர வேண்டும்.

ஆளுக்கு ஒரு நிமிடம் வீதம் பத்து ஆட்டங்கள். ஃப்ரூட் ஆறில் வென்றது! “பழசுதான் கெட்டி” என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் அதையே கரும்பலகையில் எழுதப் போனேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் திரையை விட்டு நகரவில்லை. “சார், இதுல ஸ்டாக்ஃபிஷ்கிட்ட ஒரு ராணி கூடுதலா இருக்கு. அப்புறம் எப்படி தோத்துச்சு?”

ஆட்டக் குறிப்புகளைத் திறந்து பார்த்தோம். தோற்ற ஆறிலும் காரணம் ஒன்றுதான்: நேரம் முடிந்தது.

தவறு என்னுடையது. ‘அதிகம் கொடுத்தால் நன்றாக ஆடும்’ என்ற நினைப்பில், இரண்டே கோர் உள்ள கணினியில் ஸ்டாக்ஃபிஷுக்கு நான்கு திரெட் கொடுத்திருந்தேன். 4 ஜிபி நினைவகத்தில் 2048 எம்பியை ஹாஷ் பட்டியலுக்கே ஒதுக்கிவிட்டேன். மீதி இடம் போதாமல் கணினி வன்தட்டைத் தேடி ஓடியது. எதிராளியின் நேரத்திலும் யோசிக்கும் ‘பாண்டர்’ வசதியும் இயங்கிக்கொண்டிருந்தது. ஃப்ரூட்டுக்கோ 16 எம்பிதான் கொடுத்திருந்தேன். ஒரு பிள்ளையைக் கல் தரையிலும் மற்றதைச் சேற்றிலும் ஓடவிட்டு யார் வேகம் என்று கேட்டது போலத்தான்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எது குற்றவாளி என்று தெரிந்திருக்காது. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் நான்கு ஆட்டம் ஆடவிட்டோம். ஹாஷை 128 எம்பியாகக் குறைத்ததும் நேரத் தோல்வி பெரும்பாலும் நின்றது. திரெட் ஒன்று, பாண்டர் நிறுத்தம் என்றதும் அறவே இல்லை. காப்புக்காக, நகர்த்தலைத் தெரிவிக்க ஆகும் தாமதத்துக்கான ‘மூவ் ஓவர்ஹெட்’ அளவை 10 மில்லி விநாடியிலிருந்து 200 ஆக்கி, நகர்த்தலுக்கு ஒரு விநாடி கூடுதல் நேரமும் சேர்த்தோம். ஃப்ரூட்டுக்கும் அதே 128 எம்பி, அதே நேரம்.

இன்னொரு குறையை ஒரு மாணவன் கண்டான்: ஆட்டங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி தொடங்கின. ஐந்து திறப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரு முறை ஆடவைத்தோம்.

ஸ்டாக்ஃபிஷ் பத்துக்குப் பத்து.

முதல் அட்டவணையை அழிக்கப் போனேன். அந்த மாணவி தடுத்து, அதன் கீழே ‘நேரத்தில் தோற்றவை 6’ என்று எழுதி வைத்தாள். இரண்டு அட்டவணைகளும் பக்கத்தில் பக்கத்தில் ஆய்வகச் சுவரில் இருக்கின்றன.