சேமநிதியில் வரம்பு மீறிய தொகை

வருமான வரிக் கணக்குக் கொடுக்கும் பருவத்தில் அங்கத்தினர்கள் சிலர் இரண்டு பாஸ் புத்தகங்களுடன் சங்கத்துக்கு வந்து, "வரம்புக்கு மேல் கட்டிவிட்டோம், என்ன செய்வது?" என்று வினவுகின்றனர். பொது வருங்கால வைப்பு நிதியைப் பற்றிய வினா இது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இல்லாத நெசவாளருக்கும் பயிர்த்தொழில் செய்வோருக்கும் முதுமைக்கென அரசு வைத்திருக்கும் சேமிப்பு இதுவாதலால், விடையைச் சற்று விரித்தே கூற விரும்புகிறோம்.

1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இந்நிதி, 2019ஆம் ஆண்டின் திட்ட விதிகளின்படி நடைபெறுகிறது. ஒரு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாயும், அதிக அளவாக 1,50,000 ரூபாயும் கட்டலாம். 2014க்கு முன் இவ்வுச்சவரம்பு ஒரு லட்சமாக இருந்தது.

சின்னாளபட்டியில் சேலை வியாபாரம் செய்து வரி செலுத்தும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். தம் கணக்கில் ஒரு லட்சமும், தாம் காப்பாளராக இருந்து மைனர் மகளின் பெயரில் தொடங்கிய கணக்கில் ஒரு லட்சமும் கட்டுகிறார். புத்தகங்களைத் தனித்தனியே பார்த்தால் பிழை தென்படாது. ஆனால் காப்பாளரின் கணக்கையும் மைனரின் கணக்கையும் சேர்த்தே 1,50,000 என்பது விதி. ஆகவே 50,000 ரூபாய் மிகை. அதற்கு வட்டி கிடையாது. வரிக் கழிவும் கிடையாது. அசல் மட்டுமே திரும்பக் கிடைக்கும். 2020 ஏப்ரல் முதல் நிலவிய 7.1 சதவீத வட்டியில், ஓராண்டுக்கு 3,550 ரூபாய் நஷ்டம். ஐந்தாண்டுகள் இவ்வாறே கட்டியிருப்பின், இரண்டரை லட்சம் ரூபாய் பயனின்றி உறங்கியதாகும். தறியில் உட்கார்ந்து சம்பாதித்த பணம் அது!

இங்கே அநேகர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கட்டும் வரம்பு வேறு, கழிவு வரம்பு வேறு. இரண்டும் 1,50,000 என்று அமைந்துவிட்டமையால் ஒன்றெனத் தோன்றுகின்றன. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80சி என அறியப்பட்ட கழிவில் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கடன் அசல் ஆகியனவும் அடங்கும். நிதியில் ஒன்றரை லட்சமும் பிரீமியம் 40,000 ரூபாயும் கட்டியவருக்கு அந்த 40,000க்குக் கழிவு இல்லை. எனினும் நிதியில் உள்ள பணம் மிகையன்று, அதற்கு வட்டி முழுமையாக உண்டு. அதைத் திரும்பப் பெற ஓட வேண்டாம். 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான முறையாக்கப்பட்ட புதிய வரி முறையில் இக்கழிவே இல்லை. நிலக்கோட்டையில் மல்லிகை பயிரிட்டு அவ்வருமானத்தால் மட்டும் வாழ்பவருக்கும், விவசாய வருமானம் மத்திய வருமான வரிக்கு உட்படாதாகையால், கழிவைப் பற்றிய கவலை இல்லை. மிகைத் தொகைக்கு வட்டியில்லை என்பதோ அவருக்கும் பொருந்தும்.

மிகையெனத் தெரிந்தவுடன், கணக்கு உள்ள அஞ்சலகத்திலோ வங்கியிலோ இரு புத்தகங்களையும் காட்டி, மிகையைத் திருப்பித் தருமாறு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும். மிகையையும் சேர்த்து ஏற்கெனவே கழிவு கோரியிருந்தால், கெடுவுக்குள் திருத்திய அறிக்கை தாக்கல் செய்து, குறையும் வரியைச் செலுத்திவிடுவது நலம். துறையின் கடிதம் வரும்வரை காத்திருந்தால் வட்டியும் சேரும்.

திண்டுக்கல் அஞ்சலகத்தில் ஒன்றும் வங்கியில் ஒன்றுமாகத் தம் பெயரிலேயே இரு கணக்குகள் வைத்திருப்போர் நிலை வேறு. ஒருவருக்கு ஒரு கணக்கே விதி. 2024 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய நிதியமைச்சகத்தின் நெறிமுறைப்படி, அவர் விரும்பும் ஒன்று முதன்மைக் கணக்காகும். ஒவ்வோர் ஆண்டின் வரம்புக்கும் உட்பட்ட அளவில் மற்றதன் இருப்பு அதனுடன் சேர்க்கப்படும். எஞ்சியது வட்டியின்றித் திருப்பித் தரப்படும். மூன்றாவதாக ஒரு கணக்கு இருந்தால், தொடங்கிய நாள் முதலே அதற்கு வட்டி இல்லை.