என்ன ஆயில் ஊத்தலாம்? ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவருக்கு

ஐடிஐ முடித்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்தக் கேள்வி உங்களைத் தேடி வந்துவிடும். போன வாரம்தான் கன்சல்டிங்கில் எடுத்த கார். ஓனர் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "தம்பி, நல்ல ஆயிலா ஊத்திக் குடுங்க" என்பார். சட்டென்று ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். எந்த வருஷ வண்டி, எந்த இன்ஜின், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கடைசியாக எப்போது என்ன ஆயில் மாற்றினார்கள் என்று கேளுங்கள். முதல் மூன்றுக்கும் ஆர்சி புத்தகமும் மீட்டரும் பதில் சொல்லும் (மீட்டரை முழுசாக நம்பிவிட வேண்டாம்). நாலாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே இருக்காது. செகண்ட் ஹேண்ட் வண்டியில் நம் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டேஷ்போர்டு டிராயரைத் திறந்து ஓனர்ஸ் மேனுவல் இருக்கிறதா என்று பாருங்கள். கைமாறிய வண்டியில் அது தொலைந்துபோயிருக்கும். கம்பெனி வெப்சைட்டில் மாடலையும் வருஷத்தையும் போட்டால் பல வண்டிகளுக்குக் கிடைத்துவிடும். ஆயில் பற்றிய பக்கத்தில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று கிரேடு, 5டபிள்யூ-30 என்பது மாதிரி. இன்னொன்று ஸ்பெசிஃபிகேஷன், ஏபிஐ எஸ்என் அல்லது ஏசிஇஏ சி3 என்பது மாதிரி. ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் கிரேடு சொல்கிறது. அதில் கலந்திருக்கும் மருந்து எந்த இன்ஜினுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதை ஸ்பெக் சொல்கிறது. நம் ஆட்களில் பலர் கிரேடை மட்டும் பார்த்துவிட்டு கேனைத் திறந்துவிடுகிறார்கள்.

கெட்டி ஆயில் என்னும் நம்பிக்கை

"நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டி ஆயில்தான் சரி." இந்தப் பேச்சை எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கேட்பீர்கள். 20டபிள்யூ-40 தவிர வேறு ஆயில் கைக்குக் கிடைக்காத காலத்தில் தொழில் பழகியவர்களின் பேச்சு அது. அவர்களை மதியுங்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

டபிள்யூ என்பது விண்டரைக் குறிக்கிறது. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரி குளிரிலும் ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றிவிடும் அளவுக்கு ஆயில் இளகியிருக்கும். 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரி வரைக்கும்தான். வேலூரில் மைனஸ் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த வித்தியாசம் நம் ஊர்க் காலையிலும் கூடவே இருக்கிறது. 40 டிகிரியில் அளந்தால் 5டபிள்யூ-30 ஆயிலின் பிசுபிசுப்பு சுமார் 60, 70 சென்டிஸ்டோக். 20டபிள்யூ-50 அதே சூட்டில் 150ஐத் தாண்டிவிடும். இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் சேம்பரிலிருந்து கேம்ஷாஃப்ட் வரை ஏறிவர வேண்டும். அது போய்ச் சேரும்வரைக்கும் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கும்.

இன்ஜின் சூடான பிறகு வெளி வெயிலுக்கு வேலை குறைவு. கூலன்ட்டை 90 டிகிரிக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்க தெர்மோஸ்டாட் இருக்கிறது. ஊட்டியானாலும் வேலூரானாலும் அந்த அளவு பெரிதாக மாறாது. ஆயிலின் பின்பக்க எண், அதாவது 30, 40, 50 என்பது, 100 டிகிரியில் அளந்தது. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. பேரிங்கின் இடைவெளியும் ஆயில் பம்பின் வேகமும் இந்த எண்ணை வைத்துத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

இதை எனக்கு யாரும் புத்தகத்தில் காட்டவில்லை. தொழிலுக்கு வந்த இரண்டாவது வருஷம். ஒரு பள்ளி ஆசிரியர் புதிதாக வாங்கிய பழைய டீசல் காரைக் கொண்டுவந்தார். இன்ஜினில் லேசான சத்தம். ஃபோர்மேன், "20டபிள்யூ-50 ஊத்துடா, சத்தம் அடங்கிரும்" என்றார். ஊற்றினேன், அடங்கியது. மூன்று வாரம் கழித்து வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் லைட் அணையவே நேரம் பிடிக்கிறது, டைமிங் செயின் கடகடவென்று அடிக்கிறது என்றார் ஆசிரியர். சேம்பரைக் கழற்றினோம். ஸ்ட்ரெய்னர் வலையில் பாதிக்கு மேல் கறுப்பு மசகு, ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி அப்பியிருந்தது. விரலால் வழித்தால் வழிந்து வந்தது. மிச்சமிருந்த ஓட்டைகள் வழியாகத்தான் அந்தக் கெட்டி ஆயிலைப் பம்ப் உறிஞ்ச வேண்டியிருந்தது. முந்தைய ஓனர் வருஷக்கணக்கில் ஆயில் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார். அன்றைய சத்தம் அதற்கு அடையாளம், அதை நான் மூடி மறைத்திருக்கிறேன். ஆசிரியர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். "நீங்கதானே தம்பி ஊத்துனீங்க?" என்று கேட்டார். கோபமே இல்லாத குரல். எனக்கு இன்றைக்கும் அது மறக்கவில்லை.

விற்பதற்கு முன்னால் புகையையும் சத்தத்தையும் மறைக்க, வேண்டுமென்றே கெட்டி ஆயில் ஊற்றும் பழக்கமும் சந்தையில் உண்டு. அதனால் புதிதாகக் கைமாறிய எந்த வண்டியாக இருந்தாலும், உள்ளே இருக்கும் ஆயில் பார்வைக்குச் சுத்தமாகவே இருந்தாலும், அதை இறக்கிவிட்டு ஆயில், ஃபில்டர் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ஸ்டிக்கை இழுத்துப் பார்த்த பிறகு

ஆயிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இன்ஜினைப் பத்து நிமிஷம் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஆயில் கீழே இறங்கியதும் டிப் ஸ்டிக்கை இழுங்கள். டீசலில் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம், அதைக் காட்டி ஓனரைப் பயமுறுத்தாதீர்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் கூலன்ட் உள்ளே வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும், ஆயில் மாற்றிப் பயனில்லை. லெவல் மேக்ஸ் கோட்டுக்கு மேலே ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் எரிபொருள் ஆயிலில் கலந்திருக்கிறது. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள டீசல் கார் ஊருக்குள்ளேயே குறுகிய தூரம் ஓடிக்கொண்டிருந்தால் இது நடக்கும்.

அடுத்து ஐட்லிங்கில் ஓடவிட்டு ஃபில்லர் மூடியைத் திறங்கள். புகை குப்குப்பென்று அடித்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீலைப் பாருங்கள். மூடியின் அடிப்பக்கத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய பழுப்பு வார்னிஷ் பரவாயில்லை. கெட்டியாகப் படிந்த கறுப்பு மசகு என்றால் அதே மசகு ஸ்ட்ரெய்னரிலும் இருக்கும்.

இப்படி மசகு பிடித்த இன்ஜினில் ஃப்ளஷ் ஊற்றி ஒரே நாளில் கரைக்கப் பார்க்காதீர்கள். கரைந்து வரும் கட்டி நேராக ஸ்ட்ரெய்னரைத்தான் அடைக்கும். முடிந்தால் சேம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். முடியாவிட்டால் மேனுவலில் சொன்ன ஆயிலையே ஊற்றி, 2,000 கிலோமீட்டரில் மறுபடி ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்லுங்கள். ஆயிலில் இருக்கும் டிடர்ஜென்ட் மெதுவாகக் கழுவிக்கொண்டு வரும்.

கெட்டி ஆயிலுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. இன்ஜின் ஆயில் குடிக்கிறது, ஆனால் கம்ப்ரஷன் இன்னும் விட்டுப்போகவில்லை, மேனுவலும் அனுமதிக்கிறது என்றால் பின்பக்க எண்ணை ஒரு படி ஏற்றலாம். 5டபிள்யூ-30க்குப் பதில் 5டபிள்யூ-40. முன்பக்க எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள், காலை ஸ்டார்ட்டுக்கு அதுதான் காப்பு. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குறைகிறது என்றால் எந்த ஆயிலும் காப்பாற்றாது. இன்ஜின் வேலை இருக்கிறது என்று ஓனரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்பெக்கைத் தவறவிட்டால்

ஏபிஐ எழுத்துகளில் எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு, சி என்று தொடங்குவது டீசலுக்கு. பெட்ரோலில் 2020 மே மாதம் வந்த எஸ்பி, அதற்கு முந்தைய எஸ்என், எஸ்எம், எஸ்எல் கேட்கும் வண்டிகளுக்கும் பொருந்தும். சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு ஒன்று உண்டு. எஸ்பி ஆயிலை வடிவமைக்கும்போது அதையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். டர்போ பெட்ரோல் வண்டியில் இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

டீசலில் 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்6 வந்தபிறகு டிபிஎஃப் எங்கும் வந்துவிட்டது, சில பழைய வண்டிகளிலும் இருக்கிறது. ஆயில் எரிந்து மிஞ்சும் சாம்பல் அந்த ஃபில்டரில் தங்கிவிடும், கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் எத்தனை முறை செய்தாலும் போகாது. சாம்பல் குறைந்த ஆயில்தான் இதற்கு வேண்டும். ஏசிஇஏவில் சி2, சி3 என்று வருபவை அந்த வகை. லாரிக்கு வாங்கிவைத்த பீப்பாயிலிருந்து பிடித்து ஊற்றாதீர்கள்.

நம் மறைமலை நகரில் செய்து 2013-ல் சந்தைக்கு வந்த ஃபோர்டு எகோஸ்போர்ட் ஒன்று உங்கள் ஷாப்புக்கு வரலாம். அதில் 1.0 எகோபூஸ்ட் என்றால் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. 5டபிள்யூ-20 கிரேடில், டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி என்ற ஃபோர்டின் சொந்த ஸ்பெக் கேட்கும் இன்ஜின் அது. ஒத்துவராத ஆயிலில் பெல்ட் ரப்பர் ஊறி உதிரும், உதிர்ந்த துணுக்கு ஸ்ட்ரெய்னரை அடைக்கும். இன்ஜின் ஆயில் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து 20டபிள்யூ-40 ஊற்றினால், ஒரு நல்ல இன்ஜினைக் கொன்றுவிடுவீர்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளுக்கும் 502, 505, 507 என்று கம்பெனியின் சொந்த எண்கள் உண்டு. கேனின் பின்பக்கத்தில் அந்த எண் அச்சாகியிருந்தால் மட்டுமே எடுங்கள்.

இதனால்தான் குறிப்பு நோட்டில் காரின் பெயரை எழுதாமல் இன்ஜினை எழுதச் சொல்கிறேன். ஸ்விஃப்டில் 1.2 பெட்ரோலும் உண்டு, 1.3 டீசலும் உண்டு. அந்த 1.3 டீசல் ஃபியட் வடிவமைத்த மல்டிஜெட். டிசையரிலும் இண்டிகா விஸ்டாவிலும் புன்டோவிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான். ஒன்றைக் கரைத்துக் குடித்தால் நாலு வண்டி கைவந்துவிடும்.

பழைய இன்ஜினுக்கு சிந்தெடிக் ஊற்றினால் லீக் ஆகும் என்பார்கள். காய்ந்துபோன சீல் ஏற்கெனவே லீக்தான், அதை அடைத்துக்கொண்டிருந்த அழுக்கு போனதும் வெளியே தெரிகிறது. சீலை மாற்றுங்கள்.

ஜாப் கார்டு

ஊற்றும்போது மேனுவலில் உள்ள அளவில் கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஓடவிட்டு, அணைத்து, ஸ்டிக் பார்த்து நிரப்புங்கள். மேக்ஸுக்கு மேல் போனால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். கேனின் சீலை ஓனர் முன்னாலேயே உடையுங்கள். காலியான கேனில் ஸ்க்ரூடிரைவரால் ஓட்டை போட்டுவிடுங்கள், போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு அது போகாது. இறக்கிய ஆயில் 2016-ம் வருஷ அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. சாக்கடையில் கொட்டாமல் பதிவுபெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்க முதலாளியிடம் சொல்லுங்கள். கையுறை போடுங்கள், பழைய ஆயில் தோலுக்குக் கெடுதல்.

விலை அதிகமுள்ள கேனுக்கு இன்சென்டிவ் உண்டு என்று உங்களிடமும் சொல்வார்கள். 5டபிள்யூ-30 கேட்கும் சாதாரண பெட்ரோல் இன்ஜினுக்கு, ஸ்பெக் பொருந்தும் நடுவிலை ஆயிலே போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல ஃபில்டரும் புது டிரெயின் வாஷரும் போடலாம். அதை ஓனரிடம் நேராகவே சொல்லுங்கள்: "சார், இந்த வண்டிக்கு இதுவே போதும். ஆனா 2,000-ல ஒருதரம் கட்டாயம் வாங்க." அடுத்த வண்டியையும் அவர் உங்களிடம்தான் விடுவார்.

ஜாப் கார்டில் கிரேடு, ஸ்பெக், கேனின் பேட்ச் எண், எத்தனை லிட்டர், மீட்டர் கிலோமீட்டர், ஸ்டிக்கில் பார்த்த நிறம் எல்லாவற்றையும் எழுதி உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். அதையே ஒரு சீட்டில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். வண்டி இன்னொரு கை மாறும், இன்னொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். அங்கே உங்களைப் போல் புதிதாகச் சேர்ந்த ஒருவர் பானட்டைத் தூக்கிவிட்டு, கடைசியாக என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று தேடும்போது கையில் ஒரு பதில் இருக்கும்.