சிறுவர் உள்ளமும் பள்ளி விதிகளும்

பள்ளியிற் பிள்ளைகட்கு நாம் இடும் கட்டளைகள் பல. அடுத்தவனை அடித்தலாகாது, வரிசை தவறலாகாது, பிறன் பலப்பத்தைக் கவர்தலாகாது, உபாத்தியாயரைப் பெயர் சொல்லி அழைத்தலாகாது. இவையனைத்தையும் ஒரே குரலிற் கூறி, ஒரே பிரம்பாற் காத்தல் நெடுநாள் வழக்கமாயிருந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பிரம்பை விலக்கிற்று. குரலை விலக்க எச்சட்டத்தால் இயலும்?

சுவிட்சர்லாந்து தேசத்து அறிஞர் பியாஜே, கோலியாடும் சிறுவரோடு அளவளாவி ஆராய்ந்து, 1932-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் சிறுவர்க்குக் கூறிய கதை இது: உணவுண்ண அழைக்கப்பட்ட ஒருவன் கதவைத் திறக்க, அதன் பின்னே நாற்காலிமீதிருந்த தட்டு கவிழ்ந்து 15 கோப்பைகள் உடைந்தன, மற்றொருவன் தாயில்லா வேளையில் அலமாரியிலிருந்த பழப்பாகை எடுக்க முயன்று ஒரு கோப்பையை உடைத்தான். எவன் குற்றம் பெரிது? இளையோர் பலர், பதினைந்தை உடைத்தவன் குற்றமே என்றனர். மூத்தோர் நோக்கத்தைக் கருதினர். இதுகொண்டு, குழந்தைக்குப் பெரியோர் வாக்கே விதி, காரணம் அதற்கு எட்டாது என முடிவு கட்டுவாருளர். அம்முடிவு அவசரமானதென்றே நாம் கருதுகின்றோம். அக்கதையில் நோக்கமும் சேதமும் பிணைந்து கிடக்கின்றன. பின்வந்தோர் இரண்டையும் பிரித்து வினவியபோது, இளையோரும் நோக்கத்தைக் கருதக் கண்டனர்.

அமெரிக்க அறிஞர் டூரியல் எழுப்பிய வினா இன்னும் கூரியது. தடுக்கும் விதியே இல்லையாயின் இச்செயலைச் செய்யலாமா? உபாத்தியாயரைப் பெயர் சொல்லி அழைத்தல் போன்றவற்றை, விதியில்லையேல் செய்யலாமென்ற சிறுவரே, விதியிருப்பினும் இல்லாவிடினும் அடித்தல் தீதென்றனர், அடிபட்டவனுக்கு நோகுமன்றோ! 1981-இல் ஸ்மெட்டானா என்னும் அம்மையார் ஆராய்ந்தபோது, ஐந்து வயது நிரம்பாதாரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. அதற்கு முன்னர் 1978-இல், நூச்சியும் டூரியலும் மழலைப் பள்ளிகளில் நேரிற் கண்டதும் இதனோடு ஒத்தது: ஒருவன் மற்றொருவனைத் துன்புறுத்தியபோது பிள்ளைகளும் தலையிட்டனர், ஒழுங்கு மீறப்பட்டபோதோ ஆசிரியரே கடிந்தனர், பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை.

ஆசிரியத் தொழிலை நாடும் நம் மாணவர் இதனை ஊன்றி நோக்குவாராக. அடிபட்டு அழுபவனருகே நின்று, "அடித்தல் பள்ளி விதிக்கு மாறு" என்போமாயின், குழந்தை முன்னமே அறிந்த பெருங்காரணத்தை மறைத்துச் சிறியதொன்றைக் கற்பிக்கின்றோம். "பார், அவனுக்கு வலிக்கிறது" என்றாற் போதும். குழாயடியில் வரிசை குலைந்தால், நெருக்கத்திற் சிறியவர் விழுவரென்று சொல்லலாம், அதுவும் மெய்யே. செருப்பை இடப்புறம் வைப்பதோ வலப்புறம் வைப்பதோ வெறும் ஏற்பாடு. அதற்குப் பாவமென்று பெயரிட்டு ஒரு குழந்தையை அழவைப்பானேன்?