ஏறியவர் எத்தனை? இறங்கியவர் எத்தனை?

புனே நகரின் கிழக்கே ஹடப்சர் இருக்கிறது. தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. இங்கிருந்து சாஸ்வட் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு மலை குறுக்கிடும். அதில் வளைந்து வளைந்து ஏறும் சாலைக்குத் திவே காட் என்று பெயர். மராத்தியில் காட் என்றால் மலைப்பாதை.

ஜூன் அல்லது ஜூலை மாதத்தில் ஒரு நாள் இந்தப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடந்து ஏறுவார்கள். அவர்கள் வார்க்கரிகள். ஞானேசுவரரின் பல்லக்கோடு ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை போகிறவர்கள். புனேயிலிருந்து சாஸ்வட் சுமார் 30 கிலோமீட்டர். அன்று ஒரே நாளில் அவ்வளவும் நடப்பார்கள். பல்லக்கு வைத்த ரதத்தை மாடுகள் இழுக்கும். மலை ஏறும்போது கூடுதல் மாடுகளைப் பூட்டுவார்கள்.

இவ்வளவு கூட்டம் சிதறாமல் போவது எப்படி? மக்கள் குழுக்களாக நடக்கிறார்கள். குழுவுக்குத் திண்டி என்று பெயர். ஒவ்வொரு திண்டிக்கும் ஓர் எண் உண்டு. ரதத்துக்கு முன்னேயா, பின்னேயா என்று இடமும் உண்டு. மாலையில் தங்கும் இடத்தில் எல்லாத் திண்டிகளும் கூடும். சோப்தார் என்பவர் தடியை உயர்த்துவார். தாள ஓசை நின்றுவிடும். குறை உள்ள திண்டி மட்டும் தாளத்தை நிறுத்தாது. உடனே அவர்களின் குறையைக் கேட்பார்கள். தொலைந்த பொருள், கிடைத்த பொருள் பற்றியும் அங்கே அறிவிப்பார்கள். எண்ணும் இடமும் இருப்பதால் யார் எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

மலையில் ஓட்டப் பந்தயம் நடத்துகிறவர்களுக்கும் இதுதான் முதல் வேலை. புனேக்குத் தெற்கே சாதாரா நகரில் 2012இல் மலை ஓட்டம் ஒன்று தொடங்கியது. தூரம் 21 கிலோமீட்டர். ஊரிலிருந்து மலைச்சாலையில் ஏறி, அதே சாலையில் திரும்ப வேண்டும். வண்டி போகும் சாலை என்பதால் யாராவது மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் போய்ச் சேரும். ஒற்றையடிப் பாதையில் அது முடியாது. அங்கே தூக்கி வர ஆள் வேண்டும்.

ஊர் மக்களே சேர்ந்து ஓட்டம் நடத்தலாம். முதலில் மாதம் பார்க்க வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலைக்குப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல் வெடிமருந்து போல. வனத்துறையிடமும் காவல் நிலையத்திலும் அனுமதி வாங்க வேண்டும். ஆடு மேய்ப்பவர்களிடமும் வழி கேட்கலாம். மலை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று ஒரு மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் ஓடினார்கள். திடீரென ஆலங்கட்டி மழை பெய்தது. பனிக்காற்று வீசியது. பலர் மெல்லிய உடைதான் அணிந்திருந்தார்கள். 21 பேர் குளிரில் இறந்தார்கள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆறு பேரைக் குகைக்குள் சேர்த்துக் காப்பாற்றினார்.

இங்கிலாந்து மலை ஓட்டங்களில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. பாதியில் விட்டவர் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. ஓட்டம் முடியும் இடத்துக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் போனால் அவரைத் தேடி இருட்டில் பலர் மலை ஏற வேண்டியிருக்கும். வெட்கப்பட்டு நழுவுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் கிளம்பும் முன்பே இதை உரக்கச் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எண், பெயர், வயது, வீட்டாரின் போன் நம்பர், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் என்று கோடு போட்டுக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரிந்த இருவர் அதைப் பார்த்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் பின்னால் ஒருவர் நடந்து வர வேண்டும். அவருக்குப் பின்னே மலையில் யாரும் இருக்கக் கூடாது. கணக்கு சரியாகும் வரை பந்தலைப் பிரிக்கக் கூடாது. பரிசு கொடுப்பதும் காத்திருக்கலாம்.

கணக்குப் போடுங்கள்: 80 பேர் ஏறினார்கள். 74 பேர் ஓடி முடித்தார்கள். 4 பேர் பாதியில் விட்டதாக வந்து சொன்னார்கள். இன்னும் எத்தனை பேரைத் தேட வேண்டும்?