மராமத்து செய்த ஆயில் என்ஜினைப் பழக்கும் முறை

கிணற்று ஆயில் என்ஜினுக்குப் புது லைனர், பிஸ்டன், ரிங் போட்டு எடுத்துவரும் விவசாயிகள் சிலர், முதல் நாள் முழுவதும் அதைச் சுமையில்லாமல் மெதுவாக ஓடவிடுகிறார்கள். புது மாட்டை உடனே ஏரில் பூட்டலாமா என்பது அவர்கள் வாதம். மாட்டுக்கு அது சரி, என்ஜினுக்குப் பொருந்தாது. போட்ட பணம் வீணாகி, ஒரே போகத்தில் என்ஜின் ஆயில் குடிக்கத் தொடங்க இதுவும் ஒரு காரணம்.

லைனரின் உட்சுவரில் ஹோனிங் செய்த மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும். ரிங்குகள் இவற்றின் மேடுகளில் உராய்ந்து, சுவரோடு பொருந்தி அமர வேண்டும். டீசல் எரியும்போது உண்டாகும் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ளுகிறது. சுமை இல்லாவிட்டால் அந்த அழுத்தம் குறைவு. ரிங் அமருமுன்பே ஆயில் கருகிப் படிந்து, வார்னிஷ் பூசியதுபோல் கோடுகளை அடைத்துவிடும். பிறகு கழற்றி மறுபடி ஹோனிங் செய்வதுதான் வழி.

ஸ்டார்ட் செய்யுமுன், தயாரிப்பாளர் சொன்ன ரக ஆயிலைக் குறிவரை ஊற்றவும். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கியபடி ஹேண்டிலைப் பலமுறை சுற்றினால் ஆயில் பேரிங்குகளுக்குப் போய்ச் சேரும். ஓடத் தொடங்கியதும் 10, 15 நிமிஷம் குறைந்த சுமையில் சூடேற்றி, எங்கேனும் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு இறைப்பைத் தொடங்கலாம்.

முதல் சில நாட்கள் பாதியிலிருந்து முக்கால் சுமைவரை, கூட்டியும் குறைத்தும் இறைக்கவும். ஒரே வேகத்தில் வைக்க வேண்டாம். சென்ட்ரிபியூகல் பம்பில் வேகம் சிறிது குறைந்தாலே சுமை வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் தண்ணீர் ஏறாத அளவுக்குக் குறைக்கக் கூடாது. டெலிவரி வால்வு உள்ளவர்கள் அதைச் சற்று மூடியும் சுமையைக் குறைக்கலாம். பயிர் காய்கிறதே என்ற அவசரம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் இந்த நாட்களில் முழுச் சுமையில் பகல் முழுதும் ஓட்டாமல், வயலுக்கு முறைவைத்துப் பாய்ச்சிக் கொள்ளவும். கறுப்புப் புகை தள்ளினால் சுமை அதிகம் என்று அறியலாம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். தொடக்கத்தில் அது சிறிதளவு வந்தால் பயமில்லை.

சுமார் 20 முதல் 30 மணி நேரம் ஓடியதும், என்ஜின் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றவும். தேய்ந்த இரும்புத் துகள் அதில்தான் கலந்திருக்கும். வடித்ததை வடிகட்டி மறுபடி ஊற்றுவது சிக்கனமல்ல. ஹெட் நட்டுகளின் இறுக்கத்தையும் டாப்பெட் இடைவெளியையும் அப்போதே மெக்கானிக்கைக் கொண்டு சரிபார்க்கவும்.

ஓடிய மணி நேரத்தையும் ஊற்றிய ஆயிலையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஆயில் செலவு குறைந்து ஒரே அளவில் நின்றால் ரிங் அமர்ந்துவிட்டது. 100 மணி நேரம் ஓடிய பின்னும் குறையாமல், பிரீதரிலும் புகை தள்ளினால், மெக்கானிக்கை அழைத்து லைனரைப் பார்க்கச் சொல்லவும்.