குளிர் கீழேயிருந்து வந்தது

"கட்டிலைத் தூக்கிட்டு யாராவது கேம்ப்புக்கு வருவாங்களா அண்ணி?" என்று என் கொழுந்தனார் கேட்டது போன ஜனவரியில். மதுரையில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். அப்போது நான் பதில் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். 56 வயதில், இரண்டு முழங்காலும் தேய்ந்தவள் தரையில் படுத்துவிடலாம். எழுந்திருப்பதுதான் பாடு. டென்ட்டுக்குள் கை ஊன்றி எழச் சுவர் கிடையாது, ஜன்னல் கம்பி கிடையாது. கட்டிலை எடுத்துப்போனதில் ஒரு தவறும் இல்லை. நான் செய்த தவறு வேறு.

போன இடம் மன்னவனூர். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இ-பாஸ், தோட்டக்காரரிடம் அனுமதி, டென்ட் வாடகை எல்லாவற்றையும் மகன் பார்த்துக்கொண்டான்.

மடக்குக் கட்டிலை மட்டும் நானே கடைக்குப் போய் வாங்கினேன். "இதுக்கு மெத்தையே வேண்டாம்மா. தரையிலேருந்து ஒன்றரை அடி ஒசரம், தரைக்குளிர் எப்படி ஏறும்?" என்றார் விற்றவர். அதை அப்படியே நம்பினேன். நம்பியதற்குக் காரணம் உண்டு. எங்கள் மொட்டை மாடியில் சித்திரை மாதம் முழுக்க நாடாக் கட்டிலில் படுத்து வளர்ந்தவள் நான். அதைவிடச் சுகமான படுக்கை எனக்குத் தெரியாது. அதனால் டிக்கியில் வைத்திருந்த நுரை மெத்தையை, இடத்தை அடைக்கிறது என்று நானே எடுத்து வீட்டுக்குள் போட்டுவிட்டு வந்தேன்.

ஒன்பது மணிக்கு ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்து படுத்தேன். நடுராத்திரி வரை நல்ல தூக்கம். முதலில் இடுப்பில்தான் தெரிந்தது, ஈரத்துணியை வைத்துக் கட்டியது போல. பிறகு தோள்பட்டை, குதிகால். ஒருக்களித்தால் அந்தப் பக்கம். மேலே கம்பளி, அதன்மேல் சால்வை, அதன்மேல் மகனுடைய ஜெர்கின். மேலே புழுங்கியது, கீழே அதே ஜில்லிப்பு. கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். வாசல் ஜிப்புக்குக் கீழே நுழைந்த காற்று கட்டில் துணியை உரசிக்கொண்டே மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. மதுரையில் என்னைத் தூங்கவைத்த அதே காற்றுதான் இது. நாடாக் கட்டிலின் சுகமே அடியில் காற்று ஓடுவதுதானே! ஏழாயிரம் அடிக்குப் பக்கத்தில் அதே ஏற்பாட்டைச் செய்துகொண்டு கிடந்திருக்கிறேன்.

ஸ்லீப்பிங் பேக் கீழே உதவாததற்கும் காரணம் இதுதான்: பஞ்சுக்குள் அடைபட்ட காற்றுதான் கதகதப்பு. நம் எடையில் பஞ்சு நசுங்கினால் அந்தக் காற்று போய்விடும், மிஞ்சுவது இரண்டு துணி. மேலே எத்தனை போர்த்தினாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டரை மணிக்கு மகனை எழுப்பினேன். காரின் முன்கண்ணாடிக்கு வெயிலில் வைக்கும் வெள்ளி நிறத் தடுப்பு, வண்டியில் கிடந்த பழைய செய்தித்தாள், மருமகளின் யோகா மேட், மூன்றையும் கட்டிலில் விரித்து அதன்மேல் படுத்தேன். சற்று நேரத்தில் இடுப்பு விட்டுக்கொடுத்தது. காலையில் புல்லெல்லாம் உறைபனி.

ஆகவே கட்டிலுக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சத்தை மெத்தைக்கு ஒதுக்குங்கள். நசுங்காத நுரைப் பாய் போதும். விலை கூடினவற்றில் 'ஆர் வேல்யூ' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், எண் கூடக் கூடக் குளிரைத் தடுக்கும். மலைக்கு நாலாவது இருக்கட்டும். கோடையில் சமவெளிக்குப் போனால் எதுவும் வேண்டாம், வெறும் கட்டிலே சொர்க்கம்.

கட்டிலின் உயரத்தைக் கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். பாதம் தரையில் பதிந்து, கையை ஊன்றாமல் எழ முடிய வேண்டும். அரையடி உயரக் கட்டில்கள் இருக்கின்றன, தூக்கச் சுலபம், முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. ஆனால் உயரக் கட்டில் போட்டால் டென்ட் சின்னதாகிவிடும். கூடாரம் மேலே போகப்போகக் குறுகுவதால் நம் தோள் சுவரில் முட்டும், விடியற்காலையில் அங்கே வேர்த்திருக்கும் ஈரம் போர்வையில் இறங்கும். டென்ட்டின் அளவைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

படுத்தும் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். தலைமாட்டுக் குறுக்குக் கம்பி கழுத்தில் இடிக்கிறதா, புரண்டால் கிறீச்சிடுகிறதா என்பது நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. தனித்தனிக் கம்பியாக வரும் கட்டிலில் கடைசிக் கம்பியை மாட்ட இரண்டு பேர் வேண்டும். என்னுடையது விரித்தால் அப்படியே நிற்கிற வகை, அதில் எனக்குக் குறையே இல்லை. கால் முனைகள் டென்ட் தரையைக் கிழிக்காமலிருக்க, பழைய டென்னிஸ் பந்துகளில் கீறல் போட்டு மாட்டிவிட்டேன்.

மறுநாள் மதியம் கொழுந்தனாரைக் காணோம் என்று தேடினால், என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். "இடுப்பு பிடிச்சிருச்சு அண்ணி" என்றார். இந்த டிசம்பரில் அவர் நண்பர்களோடு வால்பாறை போகிறாராம், கட்டிலைக் கேட்டிருக்கிறார். கட்டாயம் கொடுப்பேன், நுரை மெத்தையையும் அதோடு சேர்த்துக் கட்டி.